மாந்தீவும் ஊற்றுணர்ச்சியும்

மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்னும் சிறு தீவொன்று உண்டு. நகரத்து மக்கள் அதன் பெயரை நன்கறிவர். சென்று கண்டவரோ சிலர். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தொழுநோயாளருக்கென ஓர் அரசாங்க வைத்தியசாலை அங்கு நிறுவப்பட்டது. கரைக்கும் தீவுக்கும் இடையே பாலமில்லை, தோணியே வழி. அந்நாளில் அத்தோணியில் ஏற்றப்பட்டவர்களுட் பலர் உற்றாரையும் ஊரையும் பிரிந்து, எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தனர். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளை என்னுமிடத்தில் 1708-ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் இத்தகைய ஓர் இல்லத்தை அமைத்திருந்தனர். 1901-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளரைப் பிரித்துவைப்பதற்கு அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. நோயாளி என்று கண்டவரை வீட்டிலிருந்து அகற்றுதல் அன்று கொடுமையாகக் கருதப்படவில்லை; ஊரைக் காக்கும் கடமையாகவே கருதப்பட்டது.

இவர்களை ஊரார் அஞ்சியதற்குக் காரணம் யாது? குறுகிப்போன விரல்கள், மடங்கிய கைகள், ஆறாத உள்ளங்காற் புண்கள், இவையே. நோய் தசையை அழுகச் செய்கிறது, விரல்கள் தாமாகவே உதிர்கின்றன என்று உலகெங்கும் மக்கள் நம்பினர்; வைத்தியர்களும் அவ்வாறே நம்பினர். வைத்திய வரலாற்றில் இத்துணை நெடுங்காலம் நிலைத்த தவறான எண்ணம் வேறொன்று இருத்தல் அரிது. உண்மையில் அந்த நோயாளர் முதலில் இழந்தது விரலையன்று. தொடுகையை உணரும் ஆற்றலையே இழந்தனர். தமிழில் ஊறு என்று சொல்லப்படும் அந்தப் புலன் போனபின் விரல் போவதற்கு அழுகல் தேவையில்லை. அடுப்படியும் ஆணியும் கல்லும் முள்ளுமே போதும்.

ஆகவே மாந்தீவின் கதையை விளங்கிக்கொள்வதற்கு, தொடுகை என்பது என்ன, அது தோலிலிருந்து மூளைக்கு எவ்வாறு செல்கின்றது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு உரியது. கண்ணையும் காதையும் பற்றி ஆராய்ந்தவர் பலராக இருக்க, தோலைப் பற்றி எண்ணியவர் வெகு சிலராகவே இருந்தனர். தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும்போது ஓரறிவு உயிர்க்கு ஊறு ஒன்றையே அறிவாகக் கூறி, அதனை எல்லாப் புலன்களுக்கும் முதலாக வைத்தது. எனினும் முதலில் வைக்கப்பட்ட இப்புலனே ஆராய்ச்சிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது.

நரம்பு என்னும் சொல்லையும் சிறிது நோக்குதல் நன்று. பழந்தமிழில் அது யாழின் தந்தியைக் குறித்தது. உடம்பிலுள்ள இரத்தக் குழாயையும் தசைநாணையும்கூடக் குறித்தது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947-இல் வெளிவந்த தமது யாழ் நூலில் நரம்பு என்று எழுதும்போது இசைக்குரிய நரம்பையே கருதினார். கிரேக்க மொழியிலும் இதே நிலைதான். நரம்பைக் குறிக்க மேல்நாட்டார் இன்று வழங்கும் சொல்லின் வேர், அக்காலத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. மெல்லிய வெண்ணிற இழை எதுவாயினும் பழையோர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றியது போலும். நாணையும் நரம்பையும் வேறு பிரித்து உடற்கூற்றைத் தமிழிலே கற்பித்த பெருமை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரைச் சாரும். 1847-இல் இலங்கைக்கு வந்த அவர், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். உயர் விஞ்ஞானத்துக்குத் தமிழ் இடந்தராது என்று சொல்வோர் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தொடுகையை அளந்து பார்க்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் ஏண்ஸ்ற் ஹைன்றிச் வேபர். 1834-இல் இலத்தீன் மொழியில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கையாண்ட கருவி எந்தப் பாடசாலை மாணவனின் பெட்டியிலும் இருக்கும் கவராயமே. அதன் இரு முனைகளையும் ஒருங்கே தோலில் வைத்து, வைக்கப்பட்டது ஒரு முனையா இரு முனைகளா என்று கண்ணை மூடியிருப்பவரை வினவினார். விரல் நுனியில் முனைகள் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விலகியிருந்தாலே இரண்டென்று தெரிந்தது. முதுகிலோ 40 மில்லிமீற்றர் அளவுக்கு விலக்கினாலும் ஒன்றென்றே தோன்றியது. எல்லாவற்றிலும் நுட்பமாக உணர்ந்தது நாவின் நுனி. கண் தெரியாதோர் விரலால் வாசிப்பதற்கென லூயி பிறெயில் 1829-இல் வெளியிட்ட எழுத்து முறையில் புள்ளிகளின் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் ஆகும். விரல் நுனியின் எல்லைக்கு அது சற்றே மேற்பட்டது. வேபரின் கணக்கு வெறும் ஆய்வுகூடக் கணக்கன்று என்பதற்கு யப்பானிலே உள்ளத்தை உருக்கும் ஒரு சான்று உண்டு. அங்குத் தொழுநோயில்லங்களில் வாழ்ந்தவர்களுட் சிலர் பார்வையையும் விரலுணர்ச்சியையும் ஒருங்கே இழந்தபின், பிறெயில் எழுத்துகளை நாவினால் தடவி வாசிக்கப் பழகினர்.

இந்த நுட்பம் எங்கிருந்து வருகின்றது? இத்தாலியின் மருத்துவ மாணவராயிருந்த பிலிப்போ பச்சினி 1831-இல் ஒரு கையை அறுத்து ஆராய்ந்தபோது, நரம்புகளின் நுனியில் அரிசிமணியிலும் சிறிய வெண்ணிற உருண்டைகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். நுணுக்குக்காட்டியில் அவை வெங்காயம் போன்று தோல்மேல் தோலாக அடுக்கப்பட்டிருந்தன. ஆசிரியர்கள் பலர் பார்த்தும் பாராததை மாணவர் ஒருவர் கண்டார் என்பது கல்வியுலகில் மகிழத்தக்கதொரு செய்தி. 1852-இல் மைஸ்னர் விரல் நுனித் தோலின் மேடுகளுக்குள் வேறொரு வகை நுண்ணுறுப்பைக் கண்டார். 1875-இல் மேர்க்கெல் இன்னொன்றைக் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் ருபினி மற்றொன்றைக் கண்டார். இவற்றை வாங்கிகள் என்கிறோம். ஒரு மனிதக் கையின் உட்புறத்தில் இத்தகைய வாங்கிகளோடு தொடர்புடைய நரம்பிழைகள் ஏறத்தாழ 17,000 உண்டென்று 1970-களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கணக்கிட்டனர்.

வாவியின் கலங்கிய நீரிலே, முழங்காலளவு ஆழத்தில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவரை நேயர்கள் கண்டிருக்கலாம். அவருக்குக் கண் உதவாது, கையே கண். விரல் சேற்றிலே நகரும்போது தோல் இழுபடுவதை ருபினியின் உறுப்புகள் உணர்கின்றன. சிப்பியின் விளிம்பும் கல்லின் முனையும் மேர்க்கெலின் உறுப்புகளால் அறியப்படுகின்றன. பொருள் விரலில் இருக்கும்வரை இவை ஓயாது செய்தி அனுப்பும். இறால் துள்ளி வழுவத் தொடங்கியதும் முந்திக்கொள்பவை மைஸ்னரின் உறுப்புகள். மாற்றம் நிகழும்போது மட்டும் அவை பேசும். மாற்றம் நின்றதும் மௌனமாகிவிடும். பச்சினியின் உருண்டைகளோ மிக மெல்லிய அதிர்வுக்கும் விழிப்பவை. ஒரு செக்கனில் இருநூறு முந்நூறு தடவை நிகழும் அதிர்வையே அவை நன்கறியும். கையில் பிடித்த கம்பின் மறுமுனை மணலில் உரசுகிறதா, கல்லில் உரசுகிறதா என்பதைக் கம்பின் வழியே நாம் அறிவது பெரும்பாலும் இவற்றாலேயே.

மரத்தின் வழியே அதிர்வு வருவதைப் பற்றி மட்டக்களப்பாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலவுக் காலத்தில் வாவியிற் பாடும் மீனின் இசையைக் கேட்க விரும்புவோர் துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தென்னென்ற் 1848-இல் இங்கு வந்து, தோணியில் இருந்தவாறே அதைக் கேட்டு, பின்னர் தமது நூலிலும் எழுதிவைத்தார். காதும் தோலும் அதிர்வை அறிவதில் உறவினரே.

தோலிலிருந்து செய்தி எவ்வழியே செல்கின்றது என்பது வேறு சிலரின் உழைப்பால் தெரிந்தது. முண்ணாணின் பின்புறத்து வேர்கள் உணர்ச்சிக்கும் முன்புறத்து வேர்கள் அசைவுக்கும் உரியவை என்பதைப் பிரான்சு நாட்டு மஜென்டி 1822-இல் நிறுவினார். மொரீசியசுத் தீவிற் பிறந்த பிறவுண் செக்கார் அந்நூற்றாண்டின் நடுவிலே மேலும் வியத்தகு உண்மையொன்றைக் கண்டார். முண்ணாணின் ஒரு பாதி மட்டும் வெட்டுண்டால், வெட்டுக்குக் கீழே அதே பக்கத்தில் மெல்லிய தொடுகையுணர்ச்சி குன்றும். நோவையும் வெப்பத்தையும் அறியும் உணர்ச்சியோ மறுபக்கத்தில் இல்லாதொழியும். தொடுகையும் நோவும் ஒரே தோலில் தோன்றினும் வெவ்வேறு பாதையில் மூளைக்கு ஏறுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. நோவும் வெப்பமும் முண்ணாணுள் நுழைந்த சிறிது தூரத்திலேயே மறுபக்கம் கடந்துவிடுகின்றன. தொடுகையோ தான் புகுந்த பக்கத்திலேயே மேலேறி, கழுத்துக்கு மேலே மூளையின் அடித்தண்டை அடைந்த பின்னரே கடக்கின்றது. காலின் பெருவிரலைத் தொடும் செய்தியை அவ்விடம்வரை கொண்டு செல்வது ஒரே ஒரு கலத்தின் இழை. அதன் நீளம் ஒரு மீற்றருக்கும் மேல்.

இந்த வேறுபாட்டைத் தம் உடம்பிலேயே சோதிக்கத் துணிந்தவர் இலண்டன் வைத்தியர் ஹென்றி ஹெட். நோயாளர் சொல்வதைக் கேட்டு எழுதுவதில் அவருக்கு நிறைவில்லை. 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆந் திகதி தமது இடது கையின் உணர்ச்சி நரம்புகளை வெட்டுவித்து, மீண்டும் தைத்துவிடச் செய்தார். பின்னர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, கேம்பிரிட்ஜ் நகரில் தம் நண்பர் றிவேர்சின் அறையிலே கண்ணை மூடி அமர்ந்திருந்தார். றிவேர்ஸ் பஞ்சினாலும் ஊசியினாலும் சூடான, குளிர்ந்த குழாய்களாலும் அக்கையைத் தொட்டுத் தொட்டு, எது உணரப்பட்டது, எது உணரப்படவில்லை என்று குறித்தார். இந்த றிவேர்ஸ் தமிழகத்துக்கும் அந்நியரல்லர். அதற்கு முன்னரே நீலகிரியில் தோடர்களிடையே தங்கி, அவர்களது வாழ்க்கையையும் தொடுகை முதலிய புலன்களையும் ஆராய்ந்தவர். தோடரைப் பற்றிய அவரது பெருநூல் 1906-இல் வெளிவந்தது. 1908-இல் ஹெட்டும் றிவேர்சும் வெளியிட்ட கொள்கை பிற்காலத்தாரால் முழுமையாக ஏற்கப்படவில்லை. எனினும் வெட்டுண்ட நரம்பு மெல்ல வளர்ந்து திரும்பும்போது முதலில் முரட்டு உணர்ச்சியும், நெடுநாட் கழித்தே மென்மையான உணர்ச்சியும் வருவதை அவர்கள் குறித்த பொறுமையைப் போற்றாதிருக்க இயலாது.

அந்த இழைக்குள்ளே ஓடுவது என்ன? அதைக் காட்டியது வானொலிப் பெட்டியின் உறவினமாகிய ஒரு கருவி என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். நரம்பில் எழும் மின் மாற்றம் மிகச் சிறியது. பழைய கருவிகளால் ஒரு தனி இழையின் செய்தியை அறிய முடியவில்லை. வானொலிக்காக வளர்ச்சியுற்ற வால்வுகளைக்கொண்டு மின்னைப் பெருக்கும் கருவியைக் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்றியன் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். 1926-இல் அவரும் சுவீடனிலிருந்து வந்த சொற்றர்மனும் தவளையின் தசையொன்றில் ஒரே ஓர் உணர்ச்சி இழை எஞ்சுமாறு செய்து, அதனூடே செல்லும் கணத்தாக்கங்களைப் பதிந்தனர். பிற்பாடு அவை ஒலிபெருக்கியில் டக்டக் என்ற ஓசையாகவே கேட்கலாயின.

அங்கே தெரிந்த உண்மை எளிது. எனினும் எவரும் எதிர்பாராதது. ஒவ்வொரு கணத்தாக்கமும் ஒரே அளவினது. மெல்லத் தொட்டாலும் வலிந்து அழுத்தினாலும் தனித் தாக்கம் பெரிதாவதில்லை, சிறிதாவதுமில்லை. அதன் எண்ணிக்கையே மாறுகின்றது. மெல்லத் தொட்டால் செக்கனுக்குச் சில, அழுத்தினால் பல. தந்திக் கந்தோரில் குறியும் கோடும் கொண்டு எல்லாச் செய்தியையும் அனுப்பியது போல, நரம்பும் எண்ணிக்கையாலேயே பேசுகின்றது. இன்னுமொன்று: தொடுகை மாறாது நீடித்தால் எண்ணிக்கை தானே குறைந்துவிடும். காலையிற் கட்டிய வேட்டியின் தொடுகையை நண்பகலில் எவரும் உணர்வதில்லை. உடலிலே எப்பொழுதும் நிகழ்ந்துகொண்டிருப்பதை மூளைக்குச் சொல்லி அதனை அலைக்கழியாதிருக்கும் இவ்வேற்பாடு இன்றேல் மனிதன் ஒரு கணமும் அமைதியாக எண்ணியிருக்க முடியாது. ஏட்றியன் இதற்காக 1932-இல் செறிங்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மூளையிலே தொடுகைக்குரிய இடத்தை வரைந்து காட்டியவர் கனடாவின் மொன்றியால் நகரத்துச் சத்திரவைத்தியர் பென்பீல்ட். வலிப்புநோய் தீர்க்கும்பொருட்டு, நோயாளர் விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து மூளைய மேற்பட்டையை மெல்லிய மின்னால் தொட்டார். மூளைக்குத் தன்னளவில் நோவுணர்ச்சி இல்லையாதலின் இது கூடுவதாயிற்று. ஓரிடத்தைத் தொட்டால் நோயாளர் கட்டைவிரலில் ஏதோ பட்டதென்றனர். மற்றோரிடத்தைத் தொட்டால் உதடு என்றனர். 1937-இல் அவர் வெளியிட்ட படத்தில் உடம்பு முழுவதும் மூளையின் ஒரு வரம்பின்மேல் கிடத்தப்பட்டிருந்தது. ஆயினும் அளவு மாறியிருந்தது. கையும் உதடும் நாவும் பேருருவம் கொண்டிருக்க, முதுகு சிறுத்துக் கிடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கவராயத்தால் வேபர் கண்ட கணக்கே மூளையிலும் எழுதப்பட்டிருந்தது. கைக்குரிய இடத்தின் அயலிலே முகத்துக்குரிய இடம் அமைந்திருந்ததும் நினைவில் வைக்கத்தக்கது.

தோலின் அழுத்தம் மின்னாக மாறும் முதற்படி மட்டும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. லெபனானிற் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு நடத்திய ஆர்மீனியர் ஆர்டெம் பட்டப்பூட்டியன், அழுத்தினால் மின் எழும் கலங்களை எடுத்து, காரணமாகலாமென ஐயுற்ற 72 பரம்பரை அலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை அடக்கியதும் கலம் உணர்ச்சியற்றதாயிற்று. 2010-இல் வெளியான இக்கண்டுபிடிப்பின் பயனாக, கலத்தின் சுவரிலே அழுத்தத்தால் திறக்கும் நுண்ணிய வாயில்கள் இருப்பது தெரியவந்தது. பியெசோ என்பது அவற்றின் பெயர். 2021-இல் அவருக்கும், வெப்பத்தை உணரும் வாயிலைக் கண்ட டேவிட் ஜூலியசுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி மாந்தீவுக்குத் திரும்புவோம்.

நோர்வே நாட்டின் பேர்கன் நகரிலே 1873-இல் ஆமவர் ஹான்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டார். பரம்பரையாக வருவது, பாவத்தின் பயன் என்றெல்லாம் கருதப்பட்ட நோய் ஒரு பற்றீரியாவால் வருவது என்று அன்று தெரிந்தது. நூறு பேரில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பேரை இக்கிருமி ஒன்றும் செய்யாது. இயல்பாகவே அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. இது பெருகுவதும் மிக மெதுவாகவே. பிற கிருமிகள் அரைமணி நேரத்தில் இரட்டிக்க, இதற்கு இரு வாரங்கள் செல்லும். அதனாலேயே நோய் தொற்றி அறிகுறி தோன்ற ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூடக் கழிகின்றன. யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று எவரும் சொல்ல இயலாமற்போனதில் வியப்பென்ன?

இக்கிருமிக்கு இரண்டு விருப்பங்கள். ஒன்று, நரம்பிழையைச் சூழ்ந்து காக்கும் சுவான் கலங்களுக்குள் குடியேறுதல். மற்றது, உடம்பின் உள்வெப்பத்திலும் குறைந்த குளிர்ச்சியான இடங்களில் வாழ்தல். ஆகவே தோலுக்கு அணித்தாக ஓடும் நரம்புகளே அதற்கு இரையாகின்றன. முழங்கையின் பின்னே, தவறி இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின் பாய்வதுபோல் சுரீரென்னும் இடமொன்று உண்டன்றோ? அந்நரம்பு அதன் முதன்மையான இருப்பிடங்களுள் ஒன்று. முழங்காலின் வெளிப்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் செல்லும் நரம்புகளும் அவ்வாறே. உடல் இக்கிருமியை எதிர்க்கும் போரிலே நரம்பு வீங்கித் தடித்து நசிகின்றது. முதலில் சூடும் குளிரும் தெரியாதுபோகும், மெல்லிய தொடுகை போகும், நோவும் போகும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். பச்சினியின் உருண்டையும் மைஸ்னரின் உறுப்பும் தோலிலே இருந்தென்ன? கந்தோருக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டது.

சோறு வடிக்கும் பெண் சுடுகலத்தைத் துணியின்றிப் பற்றுவாள். கை வெந்ததைத் தோல் உரிந்தபின் கண்ணாலேயே காண்பாள். உள்ளங்காலில் தைத்த முள்ளோடு ஒருவன் மாலைவரை நடப்பான். நோவுள்ளவன் நொண்டி நடந்து புண்ணுக்கு ஓய்வு கொடுப்பான். நோவில்லாதவனோ அதே புண்ணின்மேல் ஆயிரம் அடிகளை வைப்பான். புண் எலும்பை எட்டும்; எலும்பு சிறிது சிறிதாகக் கரையும். விரல் உதிர்வதில்லை; குறுகுகின்றது.

இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் போல் பிறாண்ட். இலண்டனில் சத்திரவைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோயில்லத்தைக் காணச் சென்றபோது, மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். அவர் பற்றிய பற்றில் வைத்தியருக்கே நோவெடுத்தது. அழுகி அழிந்ததென்று எண்ணப்பட்ட கையில் இத்துணை வலிமை எவ்வாறு வந்தது? முன்கையின் தசைகள் நலமாயிருக்க, நரம்பு பழுதுற்ற சில தசைகளே செயலிழந்தன என்று அவர் உணர்ந்தார். மற்றொருநாள், துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் அரும்பாடுபட, நோயாளியாகிய ஒரு சிறுவன் முன்வந்து எளிதிலே திறந்துவிட்டான். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. தரையில் குருதி சொட்டியதைக் கண்டபின்னரே இருவருக்கும் தெரிந்தது. வேலூரில் அவரிடம் இருந்த சில நோயாளரின் விரற்பகுதிகள் இரவில் காணாமற்போயின. காவலிருந்து பார்த்தபோது, உறங்குவோரின் விரல்களை எலி கடிப்பது புலனாயிற்று! அதன்பின் வீடு திரும்பும் நோயாளர் ஒவ்வொருவரும் ஒரு பூனையைக் கொண்டுசெல்ல வேண்டுமென்பது அங்கு வைத்தியக் கட்டளையாயிற்று. கேட்டால் நகை வரலாம். ஆயினும் பல நூற்றாண்டு மருந்துகள் காவாத விரல்களைக் காத்தவை அப்பூனைகள்.

முன்கையின் நல்ல தசைநாணை வேறிடத்தில் இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சையை 1940-களின் இறுதியிலிருந்து பிறாண்ட் செய்யலானார். அறுவைக்குப் பின் மூளையும் புதுப்பாடம் பயிலவேண்டும். ஒரு விரலை மடக்குவதற்கெனப் பழகிய தசையை வேறு தொழிலுக்குப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. கை நிமிர்ந்தது, ஆனால் ஊற்றுணர்ச்சி திரும்பவில்லை. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் வைத்தியசாலைக்குச் சென்றபின், அழுத்தம் மிகும்போது எச்சரிக்கும் கையுறைகளையும் காலணிகளையும் செய்விக்க அவரும் துணைவரும் பல ஆண்டுகள் முயன்றனர். அம்முயற்சி பயன்தரவில்லை. கருவி எச்சரித்ததும் நோயாளர் சிலர் அதனை நிறுத்திவிட்டுத் தொடங்கிய வேலையை முடித்தனர். நிறுத்த இயலாதிருப்பதே நோவின் பயன் என்று பிறாண்ட் கண்டுகொண்டார். 2003-இல் அவர் காலமானார்.

இதற்கு நேர்மாறான துன்பமும் கிழக்கிலங்கைக்குத் தெரியாததன்று. 2009 வரை நீடித்த போரிலும் கண்ணிவெடியிலும் கைகால்களை இழந்தவர் இங்குப் பலர். அத்தகையோரிற் பெரும்பாலாருக்கு இல்லாத அவயவத்தில் அரிப்பும் நோவும் எழும். அது மனமயக்கமன்று. சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற வி. எஸ். இராமச்சந்திரன், கையிழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்தமையை 1990-களில் எடுத்துக்காட்டினார். பென்பீல்டின் படத்தில் கையின் அயலில் முகம் இருந்தது அல்லவா? செய்தி வராது வறண்ட கையின் நிலத்தில் அயலவனாகிய முகம் வேலி தாண்டிப் புகுந்துவிட்டது என்பது அவரது விளக்கம். மாந்தீவிலிருந்தவருக்குக் கை இருந்தது, உணர்ச்சி இல்லை. இவருக்கு உணர்ச்சி இருக்கின்றது, கை இல்லை. இரண்டிலும் பழுதுற்றது தோலுக்கும் மூளைக்கும் இடைப்பட்ட வழியே.

நோய்க்கு மருந்து 1940-களில் வந்தது. டாப்சோன் என்னும் அம்மருந்தைச் செங்கற்பட்டில் கொக்கிறேன் முதலியோர் வழங்கினர். தனி மருந்தைக் கிருமி மெல்ல வென்றுவிடவே, மூன்று மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறையை உலக சுகாதார தாபனம் 1981-இல் பரிந்துரைத்தது. இலங்கையில் அது 1983 முதல் வழங்கப்பட்டது. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் உண்டால் நோய் தீரும்; முதற்சில வேளை மருந்திலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். தீவுக்குத் தேவையே இல்லாதுபோயிற்று. பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை இலங்கை 1995-இல் அடைந்தது. மாந்தீவில் புதியவர் சேர்வது அருகி, போக்கிடமற்ற முதியோர் சிலரே எஞ்சினர்.

எனினும் நோய் முற்றாக ஒழியவில்லை. இந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளிலும் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டனர். மட்டக்களப்பும் அவர்கள் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. மருந்து கிருமியைக் கொல்லும். இறந்த நரம்பை எழுப்பாது. காலந்தாழ்த்தி வருபவர் நோய் தீர்ந்தும் உணர்ச்சியின்றியே வாழவேண்டியவராகின்றனர். தாழ்த்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சமும் வெட்கமுமே. நோவின்மையும் மற்றொரு காரணம். நோவாத தேமலுக்கு வைத்தியரை நாடுவோர் யார்?

நோயறியும் முதற்சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டா. தோலிலே நிறம் வெளிறிய படையொன்று காணப்பட்டால், வைத்தியர் பஞ்சைத் திரித்து நுனியாக்கி, முதலில் நல்ல தோலிலே தொட்டுக் காட்டுவார். பின்பு கண்ணை மூடச் சொல்லி, அங்குமிங்கும் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் சுட்டும்படி கேட்பார். கைகால்களை ஆராய, குறித்த பாரத்தில் வளையும் நைலோன் இழைகளும் உண்டு. 1890-களில் வொன் பிறேய் என்பவர் மயிரிழைகளைக்கொண்டு செய்த சோதனையின் வழிவந்தவை அவை. நல்ல தோலிலே பஞ்சு பட்டதும் சுட்டுவிரல் பிழையாது அவ்விடம் சென்றுவிடும். படையின்மேல் பட்டபோது விரல் அசையாதிருந்தால், அன்றே மருந்து தொடங்கப்படும்.